எவரெஸ்டுக்கு சைக்கிளில் போனவர்!

குட்டீஸ், உங்களில் எத்தனை பேர் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறீர்கள்? வழியில் மேம்பாலம் ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள்? முதலில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பீர்கள். பாதி தூரம் ஏறியதும் மூச்சு வாங்கும். அப்புறம் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். முதுகில் புத்தகப் பை வேறு கனக்கும்!

ஒருவர் இப்படித்தான், மிதிக்க முடிந்த இடம் வரை மிதித்தார். மிதிக்க முடியாத இடத்தில் இறங்கி நடந்தார். அப்படியே போய் உலகத்திலேயே உயரமான எவரெஸ்ட் சிகரத்தில் ஏறிவிட்டார். கிளம்பிய இடம் எது தெரியுமா? ஐரோப்பாவின் வடக்கே இருக்கும் ஸ்வீடன் நாடு!

அவர் பெயர் யோரான் க்ரோப். ஆங்கிலத்தில் இந்தப் பெயர் 'ஜி' எழுத்தில் தொடங்கும். அதைப் பார்த்து 'கோரான்' என்று படிப்பவர்கள் உண்டு. ஆனால் அவருடைய ஊர்க்காரர்கள் கூப்பிடுவது 'யோரான்' என்றுதான். 1966-ம் ஆண்டு பிறந்தவர். ஆறு வயதிலேயே அப்பா அவரை நார்வே நாட்டின் மிக உயரமான மலைக்கு அழைத்துப் போனார். அந்த மலையின் உயரம் 2,469 மீட்டர். நம்ம ஊட்டியை விடவே கொஞ்சம்தான் உயரம். ஆனால் ஆறு வயதுக் கால்களுக்கு அது எவரெஸ்ட்தானே! பெரியவனானதும் அவர் ராணுவத்தில் பாராசூட் படையில் இருந்தார். 1993-ல் உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே-2 மீது ஏறினார். எவரெஸ்டை விடக் கடினமானது என்று மலையேறிகள் சொல்லும் சிகரம் அது.

அடுத்தது எவரெஸ்ட்தான். ஆனால் யோரானுக்கு ஒரு சந்தேகம். எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் எப்படிப் போகிறார்கள்? விமானத்தில் காத்மாண்டு வரை. அங்கிருந்து குட்டி விமானத்தில் 2,800 மீட்டருக்கும் மேல் இருக்கும் லுக்லா வரை. மூட்டைகளை யாக் எருமைகளும் சுமை தூக்குபவர்களும் கொண்டு வருவார்கள். மலைமேல் கூடாரம், கயிறு, ஆக்ஸிஜன் உருளை எல்லாவற்றையும் ஷெர்பாக்கள் சுமப்பார்கள். அப்படியானால் மலையில் ஏறியது யார்?

'என் வீட்டுப் பக்கம் இருந்து கிளம்பி, என் உடம்பின் பலத்தால் மட்டுமே போக வேண்டும். என் மூட்டையை நானே சுமக்க வேண்டும். உருளையில் அடைத்த ஆக்ஸிஜனும் வேண்டாம்' என்று யோரான் முடிவு செய்தார்.

இதே மாதிரி யோசித்த ஒருவர் அவருக்கு முன்பும் இருந்தார். ஆஸ்திரேலியாவின் டிம் மெக்கார்ட்னி ஸ்னேப், 1990-ல் வங்கக் கடலோரம் கங்கா சாகரில் இருந்து கிளம்பினார். நடந்தே போய் எவரெஸ்டின் உச்சியைத் தொட்டார். கடல் மட்டத்தில் இருந்து தொடங்கினால்தான் முழு மலையையும் ஏறியதாகும் என்பது அவர் கணக்கு. நியாயமான கணக்குதான்! ஆனால் யோரானின் வீடு கடலோர வங்காளத்தில் இல்லையே. ஸ்வீடனில் இருந்து நடந்தால் எப்போது போய்ச் சேருவது? அதனால்தான் சைக்கிள்.

நாலு மூட்டை அரிசியோடு ஒரு சவாரி

1995 அக்டோபர் 16. ஸ்டாக்ஹோம் நகரில் இருந்து யோரானின் சைக்கிள் புறப்பட்டது. இந்தப் பயணத்துக்கென்றே செய்த சைக்கிள். அதோடு போன சாமான்களின் எடை 108 கிலோ! கடையில் 25 கிலோ அரிசி மூட்டை பார்த்திருப்பீர்களே. அதில் நாலு மூட்டையைக் கட்டி, மேலே இன்னொரு 8 கிலோவையும் ஏற்றிக்கொண்டால் எப்படி இருக்கும்? மலையேறும் கருவிகள், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். போக வேண்டிய தூரம் சுமார் 13,000 கிலோமீட்டர். சென்னையில் இருந்து கன்னியாகுமரிக்கு ஒன்பது முறை போய்த் திரும்பினால்கூட அவ்வளவு தூரம் வராது.

இவ்வளவு சுமையோடு மேட்டில் எப்படி மிதிப்பது? அங்கேதான் கியர் உதவுகிறது. உங்கள் சைக்கிளைத் திருப்பிப் பாருங்கள். பெடலுக்குப் பக்கத்தில் ஒரு பற்சக்கரம் இருக்கும். பின்சக்கரத்தின் நடுவில் இன்னொன்று இருக்கும். இரண்டையும் செயின் இணைக்கிறது. முன்னால் 40 பல், பின்னால் 20 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டு முறை சுற்றும். சமதளத்தில் ஜாலியாகப் போகலாம். ஆனால் மேட்டில் கால் நகராது. இப்போது செயினை முன்னால் 20 பல், பின்னால் 30 பல் உள்ள சக்கரங்களுக்கு மாற்றினால்? ஒரு மிதிக்குப் பின்சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது. ஆமை வேகம்தான். ஆனால் கால் லேசாகச் சுற்றும், செங்குத்தான மேட்டிலும் ஏறிவிடலாம். கியர் சைக்கிள் நமக்குப் பலத்தைக் கொடுப்பதில்லை. வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தில் சுமையை இழுக்க வைக்கிறது. சும்மா எதுவும் கிடைக்காது, இல்லையா? உங்கள் சைக்கிளில் முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்று இன்றைக்கே எண்ணி, வகுத்துப் பாருங்கள். எண்ணும்போது செயினைச் சுற்றாதீர்கள், விரல் மாட்டிக்கொள்ளும்!

ருமேனியா, துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா என்று நாடு நாடாக அந்த சைக்கிள் வந்தது. எல்லா இடத்திலும் மாலை மரியாதை கிடைக்கவில்லை. ருமேனியாவில் பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் அவரிடம் திருடிவிட்டார்கள். பாகிஸ்தானில் ஒரு கூட்டம் தாக்கியது. ஈரானில் மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு கோபக்காரர், பேஸ்பால் மட்டையால் தலையில் ஓங்கி அடித்தார். மட்டை உடைந்தது! தலை உடையவில்லை. காரணம், யோரான் ஹெல்மெட் போட்டிருந்தார். (இப்படிப்பட்ட பயணக் கதைகளில் அடித்தவரைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுவார்கள். தண்ணீர் கொடுத்தவர்கள், வழி சொன்னவர்கள் கதையில் வருவதே இல்லை. 13,000 கிலோமீட்டரில் அப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!)

குளிர்காலத்தில் கிளம்பியது ஏன்?

அக்டோபரில் கிளம்பினால் ஐரோப்பாவின் குளிரில் அல்லவா சைக்கிள் மிதிக்க வேண்டும்? கோடையில் கிளம்பக் கூடாதா?

கூடாது! எவரெஸ்ட் தன் கதவை எப்போது திறக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பூமிக்கு மேலே மிக உயரத்தில் 'ஜெட் காற்று' என்ற பலமான காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்காலம் முழுவதும் அது எவரெஸ்டின் உச்சியில் மோதும். அந்தக் காற்றில் மனிதன் நிற்கவே முடியாது. வசந்த காலத்தின் முடிவில், அதாவது மே மாதத்தில், தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது ஜெட் காற்று வடக்கே நகர்ந்துவிடும். அப்போது உச்சியில் சில நாட்கள் அமைதியாக இருக்கும். அதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். ஜூனில் பருவமழை அங்கே பனியாகக் கொட்ட ஆரம்பித்துவிடும். ஆமாம், கேரளாவில் இறங்கி நமக்குக் குற்றால சீசனைக் கொண்டு வருகிற அதே மழைதான்! டென்சிங்கும் ஹிலாரியும் 1953-ல் முதன்முதலாக எவரெஸ்டில் ஏறியதும் மே 29-ம் தேதிதான்.

அந்தச் சில நாட்களைப் பிடிக்கத்தான் யோரான் ஏழு மாதம் முன்பே கிளம்பினார்.

சாலை முடிந்ததும் கால்

நேபாளத்தில் சாலை ஓர் இடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் சைக்கிளுக்கு வேலை இல்லை. யோரான் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார். வசந்த காலத்தில் அந்த வழியெல்லாம் ரோடோடென்ட்ரான் மரங்கள் சிவப்பும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும். அது நேபாளத்தின் தேசிய மலர். ஷெர்பாக்களின் ஊரான நாம்ச்சே பஜார் 3,440 மீட்டர். மலையின் அடிவார முகாம் சுமார் 5,360 மீட்டர். ஏப்ரலில் யோரான் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்.

'அடிவாரம்' என்று பெயர்தானே தவிர, அங்கே கிடைக்கும் காற்று நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்றே மெலிந்துகொண்டு போகும். உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். திடீரென்று ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டால் சில நிமிடங்களில் மயங்கி விழுந்துவிடுவார். அதனால் மலையேறிகள் ஒரு தந்திரம் செய்வார்கள். கொஞ்சம் ஏறுவார்கள், கீழே வந்து தூங்குவார்கள். மறுபடி இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, மறுபடி கீழே வருவார்கள். இப்படிச் செய்யச் செய்ய, உடம்பு பயந்துபோய்க் கூடுதலாகச் சிவப்பணுக்களை உண்டாக்கும். இருக்கிற கொஞ்ச ஆக்ஸிஜனையும் விடாமல் பிடித்துக்கொள்ளத்தான்!

8,000 மீட்டருக்கு மேல் இந்தத் தந்திரமும் பலிக்காது. அங்கே தூங்கினாலும் உடம்பு தேறாது, சாப்பிட்டாலும் சரியாக ஜீரணமாகாது. 'மரண மண்டலம்' என்று பெயர். ஆக்ஸிஜன் உருளை இல்லாமல் எவரெஸ்டின் உச்சிக்குப் போய்த் திரும்ப முடியுமா என்றே பல காலம் சந்தேகம் இருந்தது. 1978-ல் மெஸ்னர், ஹேபலர் என்ற இருவர் போய்த் திரும்பிய பிறகுதான் உலகம் நம்பியது.

200-வது நாள்

அந்த வசந்தத்தில் எவரெஸ்டின் அடிவாரத்தில் பல நாட்டுக் குழுக்கள் கூடாரம் போட்டிருந்தன. யார் எந்த நாளில் ஏறுவது என்று பேசினார்கள். யோரான் முதலில் போகட்டும் என்று முடிவானது.

மே 1-ம் தேதி அவர் கிளம்பினார். பெரிய பெரிய பனிப்பாளங்கள் சரிந்து கிடக்கும் கும்பு பனியருவியைத் தாண்டினார். மறுநாள் சுமார் 7,900 மீட்டரில் இருக்கும் கடைசி முகாமுக்குப் போய்விட்டார். நள்ளிரவு தாண்டியதும் தனியாக உச்சியை நோக்கி நடந்தார். முன்னால் போனவர்கள் யாரும் இல்லை. அதனால் வழியும் இல்லை. தொடை வரை புதையும் பனி. ஒரு காலைப் பிடுங்கி வைக்க வேண்டும், நின்று மூச்சு வாங்க வேண்டும், அப்புறம் அடுத்த கால். கீழே அடிவார முகாமில் இருந்தவர்கள் வயர்லெஸ் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மே 3, பகல் 2 மணி. உச்சிக்கு இன்னும் சுமார் 100 மீட்டர் உயரம்தான் பாக்கி. ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம்.

யோரான் ஸ்டாக்ஹோமில் இருந்து கிளம்பி அன்றோடு 200 நாள். 13,000 கிலோமீட்டர் மிதித்தாகிவிட்டது. மட்டையடி வாங்கியாகிவிட்டது. மூட்டை சுமந்தாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு மணி நேரம்! நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் நிச்சயம் மேலே போயிருப்பேன். அதனால்தான் நான் மலையேறவில்லை போலிருக்கிறது!

யோரான் திரும்பி நடந்தார். கீழே!

ஏன்? அவர் போட்ட கணக்கு இதுதான். உச்சியைத் தொடும்போது 3 மணி ஆகும். அப்புறம் இறங்க வேண்டும். வழியிலேயே இருட்டிவிடும். உடம்பில் தெம்பு முழுவதும் தீர்ந்துவிட்டது. ஆக்ஸிஜன் உருளை இல்லை. உதவிக்கு மேலே ஓர் ஆள் இல்லை. உச்சி என்பது பாதி வழிதான். மீதிப் பாதிக்கும் கையில் சக்தி மிச்சம் இருக்க வேண்டும். சைக்கிளில் நீண்ட தூரம் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரியும். வீடு திரும்பும் தூரத்தையும் சேர்த்துத்தான் காலில் பலம் வைத்துக்கொள்வார்கள்.

அடிவார முகாமில் ராப் ஹால் என்ற நியூசிலாந்து வழிகாட்டி இருந்தார். அதற்கு முன்பே நாலு முறை எவரெஸ்டின் உச்சியைத் தொட்டவர். யோரான் திரும்பியதைக் கேட்டு, அவர் ஏறி முடித்திருந்தால் வந்திருக்கும் மரியாதையை விட இந்த முடிவின் மேல் தனக்கு மரியாதை அதிகம் என்று பாராட்டினார்.

மே 10

ஒரு வாரம் கழித்து, மே 10-ம் தேதி, ராப் ஹாலின் குழுவும் வேறு குழுக்களும் உச்சிக்குப் போயின. மதியம் ஒரு நேரம் குறித்துக்கொண்டு, அதற்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது மலையேறிகளின் வழக்கம். ஆனால் அன்று வழியில் நெரிசல், தாமதம். 2 மணியைத் தாண்டியும் பலர் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். ராப் ஹாலுடன் வந்த ஒருவர் முந்தைய ஆண்டு உச்சிக்கு அருகில் வந்து ஏமாந்து திரும்பியவர். இந்த முறையாவது அவர் ஏறிவிட வேண்டும் என்று ஹால் காத்திருந்தார். மணி 4 ஆகிவிட்டது.

மாலையில் பனிப்புயல் வந்தது.

அந்த ஒரு இரவும் மறுநாளுமாக எவரெஸ்டில் 8 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ராப் ஹாலும் ஒருவர். அவர் காத்திருந்த மனிதரும் இறந்துவிட்டார். மலையின் மறுபக்கமான வடக்கே ஏறிய நம் இந்திய-திபெத் எல்லைக் காவல் படை வீரர்கள் மூன்று பேரும் அந்த எட்டுப் பேரில் அடக்கம். யோரானைப் பாராட்டிய ராப் ஹால் கெட்டிக்காரர் இல்லை என்று நினைக்காதீர்கள். அந்த மலையை அவரளவுக்குத் தெரிந்தவர்கள் அன்று மிகச் சிலரே. கீழே உட்கார்ந்து யோசிக்கும்போது எளிதாகத் தெரிவது, உச்சி கண்ணுக்குத் தெரியும்போது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.

அந்த நாட்களில் யோரான் அடிவாரத்தில் இருந்தார். தன் முதல் முயற்சியின் களைப்பே அவருக்குத் தீரவில்லை. ஆனாலும் மேலே இருப்பவர்களுக்கு மருந்து கொண்டுபோக உதவினார்.

துக்கத்தோடு பல குழுக்கள் ஊர் திரும்பின. யோரான் இருந்தார். மே 23-ம் தேதி வானம் தெளிந்தது. அன்று அவர் எவரெஸ்டின் உச்சியில் நின்றார். ஆக்ஸிஜன் உருளை இல்லாமல், தன் சுமையைத் தானே சுமந்து! எவரெஸ்டின் உயரம் 8,848.86 மீட்டர் என்று 2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தன. அந்த உயரத்தின் ஒவ்வொரு மீட்டரையும் யோரான் தன் கால்களாலேயே கடந்திருந்தார். அதே நாளில் உச்சிக்கு வந்த இன்னொருவர் யார் தெரியுமா? டார்ஜிலிங்கைச் சேர்ந்த ஜம்லிங். 1953-ல் ஏறிய டென்சிங்கின் மகன்!

இறங்கி வந்த யோரான் மறுபடி சைக்கிளை எடுத்தார். ஊருக்குத் திரும்பும் வழியிலும் ஒரு பகுதியை மிதித்தே கடந்தார்.

அவர் நீண்ட காலம் வாழவில்லை. 2002 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் ஒரு பாறைச் சுவரில் ஏறும்போது விழுந்து இறந்துபோனார். அப்போது வயது 35. அதற்கு முன், 1999-ல், இன்னொரு முறை எவரெஸ்டுக்குப் போயிருந்தார். இந்த முறை தனியாக இல்லை. ரெனாட்டா க்லும்ஸ்கா என்ற பெண்ணும் கூட ஏறினார். எவரெஸ்ட் ஏறிய முதல் ஸ்வீடன் பெண் அவர்தான். இறங்கும்போது அந்த மலையில் இருந்து சில சாமான்களையும் கீழே கொண்டுவந்தார்கள். எல்லாம் முன்பு போனவர்கள் வீசி எறிந்துவிட்டு வந்த காலி ஆக்ஸிஜன் உருளைகள்!